பேர் சொன்னால்தான் சீட்டு

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் பெங்களூரில் பெயிண்ட் காண்ட்ராக்ட் எடுக்கிறார். எனக்குச் சகலை. அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்று எழுதுகிறேனே தவிர, கூப்பிட்டது குறைவு. கூட்டத்தில் எனக்கு வாய் வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பேச்சு தொண்டை வரைக்கும் வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திரும்ப இறங்கிப் போய்விடும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அங்கேயும் பதில் தெரிந்தே அடி வாங்கியவன்.

கடத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடு இருக்கிறது. மரவள்ளி போடுவோம், தக்காளி போடுவோம், கிணற்றில் தண்ணீர் நின்றால் மஞ்சள். ஒரே மகள், தர்மபுரியில் காலேஜ் போகிறாள். மாமியார் வீடு இண்டூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் இரண்டு மாப்பிள்ளைகளும் குடும்பத்தோடு அங்கே போயாக வேண்டும். மாமனார் வைத்த வழக்கம். அவர் போன பிறகும் மாமியார் அதை விடவில்லை.

போன பொங்கலுக்குச் சகலை காரிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து அதைத் திறந்தார். உள்ளே சீட்டுகள். ரம்மி ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் பெங்களூரில் உள்ள ஒரு இடத்தின் படம். விதான சவுதா, லால்பாக் கண்ணாடி மாளிகை, அரண்மனை, நந்தி கோயில், மெட்ரோ ரயில், இப்படி. ஒவ்வொரு படமும் இரண்டு சீட்டில் இருக்கும். எல்லாவற்றையும் கலைத்து, படம் தெரியாமல் கவிழ்த்து, வரிசையாகப் பரப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு முறை, இரண்டு இரண்டு சீட்டாகத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒரே படமாக இருந்தால் நாமே எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். எது எங்கே கிடக்கிறது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ அவர் ஜெயிப்பார்.

கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. வாய் வேண்டாத ஆட்டம். கண் இருந்தால் போதும். நானும் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அதையே என் மனைவி அதிசயமாகப் பார்த்தாள்.

அப்போது சகலை கையைத் தூக்கினார்.

"இரு, இரு. சும்மா எடுத்துக்க முடியாது. எந்த எடம்னு பேரச் சத்தமா சொல்லணும். சொன்னாத்தான் சீட்டு. சொல்லலைன்னா திருப்பி வெச்சிடணும், அடுத்த ஆளு எடுத்துக்கலாம். புள்ளைங்க நம்ம ஊரத் தெரிஞ்சுக்க வேணாமா?"

நம்ம ஊர் என்று அவர் சொன்னது பெங்களூரை. அவர் பிறந்தது தீர்த்தமலைக்குப் போகிற வழியில் ஒரு ஊர்.

மூன்றாவது சுற்றிலேயே எனக்கு லால்பாக் ஜோடி கிடைத்தது. இரண்டையும் திருப்பினேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பெயர் எனக்குத் தெரியும். படத்துக்குக் கீழே தமிழில் எழுதவில்லைதான், ஆனாலும் அதற்கு முன்னாலேயே மூன்று பேர் சொல்லிக் காதில் விழுந்திருந்தது. "லா..." என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்தது. மறுபடியும் "லா..." என்றேன்.

"சகலை, பாட்டுப் பாடச் சொல்லலை. பேரத்தான் சொல்லச் சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டி மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு, "லா... லா..." என்று கத்திக் காட்டினார்.

அவர் மகன் சிரித்தான். அவர் மனைவி, "பாவங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். நான் சீட்டைத் திருப்பி வைத்தேன். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் சகலை. அவர் அந்த இரண்டு சீட்டையும் எடுத்து, "லால்பாக்!" என்று சொல்லி மடியில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் வாய் பூட்டிக்கொண்டது. ஆனால் கண் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது, அதுதான் கஷ்டம். எது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கையும் சும்மா இருக்காமல் போய் ஜோடியைத் திருப்பிவிடும். பெயர் வராது. அடுத்த ஆள் சகலை. நான் திறந்து காட்டுவேன், அவர் எடுத்துக்கொள்வார்.

"தம்பி நல்லாப் பந்தி பரிமாறுறாப்ல. எலையில போட்டுக்கிட்டே இருக்காரு, நான் தின்னுக்கிட்டே இருக்கேன்!"

"வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்று என் மனைவி முதுகில் இடித்தாள். அப்போதுதான் என் மகள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி, "ஐயோ பெரியப்பா, முடியலை" என்று அவர் தோளைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. சிரிப்பு வந்தால் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பு என் மகளுடையது. அதை அவர் என்னிடமிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். சீட்டு போனால் போகட்டும். இதைத் திருப்பி வாங்காமல் விடக்கூடாது என்று அந்தப் பாயிலேயே முடிவு செய்தேன். என் மகள் முன்னால், அவர் மகன் முன்னால், அதே பாயில், அதே ஆட்டத்தில் அவர் வாய் அடைத்துப் போக வேண்டும்.

மாசியும் பங்குனியும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டில் யாரும் இல்லாதபோது பேச்சு எனக்கு நன்றாக வருகிறது. மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டும்போது, "விதான சவுதா!" என்று கத்திப் பார்த்தேன். மேட்டில் மேய்ந்த மயில் பறந்து போனது. "லால்பாக்!" என்றேன். தெளிவாக வந்தது. யாருக்கு என்ன லாபம்? ஆட்டுக்குட்டிக் குரல்தான் காதில் கேட்டது.

சித்திரையில் புளி தட்டிக்கொண்டிருந்தோம். புளியைத் தட்டினால் எனக்கு மாமனார் ஞாபகம் வரும். ஒரு வருடம் அவரும் நானும் மட்டும் சேர்ந்து புளி தட்டினோம். நான் பேசாதவன் என்பதால் என்னிடம் எல்லோரும் எதையாவது சொல்லிவிடுவார்கள். அவரும் அன்றைக்குச் சொன்னார். பெரிய மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், பெண் அழைப்பு அன்று, மாப்பிள்ளையைக் காணவில்லையாம். மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றால்தான் தாலி கட்டுவேன் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டு, தர்மபுரி டவுனில் பழைய டாக்கீஸில் போய் உட்கார்ந்துவிட்டாராம். "போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன் மாப்ள" என்றார் மாமனார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டையைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

இந்த விஷயம் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும். யாரும் பேசமாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது. சகலை தன் மகனிடம், "நான் கையில ஒண்ணும் இல்லாம பெங்களூர் வந்தவன்டா. யார்கிட்டயும் கை நீட்டுனதில்ல" என்று சொல்லும்போது நானே பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

புளியைத் தட்டத் தட்ட எனக்கு வழி தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் பேச வேண்டாம். ஆட்டத்தின் சட்டமே பேசும்.

அன்று சாயங்காலம் மகளிடம், "நம்ம டவுனுக்கும் அந்த மாதிரி சீட்டு செஞ்சா என்ன?" என்று கேட்டேன்.

அவள் துள்ளிவிட்டாள். "அப்பா! நீங்களா சொல்றீங்க? நான் ஃபோன்ல போட்டோ எடுக்கறேன், ஸ்டுடியோல பிரிண்ட் போட்டுக்கலாம்!"

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு டவுன் முழுக்கச் சுற்றினேன். பஸ் ஸ்டாண்டு, நாலு ரோடு, கோட்டைக் கோயில், கலெக்டர் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன், உழவர் சந்தை, பெரியாஸ்பத்திரி. ஒவ்வொரு இடத்திலும் வெயிலில் நின்று குனிந்து நிமிர்ந்து படம் எடுத்தாள். கடைசியாக அவளைப் பழைய டாக்கீஸுக்குக் கூட்டிப் போனேன். இப்போது அதில் படம் ஓடுவதில்லை. யாரோ வாடகைக்கு எடுத்துப் புளி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். டிக்கெட் கொடுக்கிற ஓட்டைக்குச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள்.

"இது எதுக்குப்பா? பாழடைஞ்சு கெடக்குது."

"பழைய டாக்கீஸு. எல்லாருக்கும் தெரிஞ்ச எடம்."

"யாருக்குத் தெரியும்?"

"உன் பெரியப்பாவுக்குத் தெரியும்" என்றேன். பொய் இல்லை.

ஸ்டுடியோக்காரர் படத்தை எல்லாம் அழகாகத்தான் போட்டுக் கொடுத்தார். பின்பக்கம் ஏதாவது டிசைன் வைக்கச் சொல்லியிருந்தோம். அவரிடம் இருந்தது கல்யாணப் பத்திரிகை டிசைன்தான் போல. ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் கும்பிடுகிற இரண்டு கை, கீழே 'நல்வரவு' என்று அச்சாகி வந்தது. மகளுக்குக் கோபம் வந்து மாற்றிக் கேட்கலாம் என்றாள். வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். கல்யாண வீட்டு வாசலில் வைக்கிற பலகை மாதிரியே இருந்தது. அதற்கு மேல் எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆடிப் பதினெட்டு வந்தது. சகலை குடும்பம் வந்தது. கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே மகள் பாயை விரித்து எங்கள் சீட்டைக் கலைத்துப் பரப்பினாள். பாய் முழுக்கக் கும்பிடுகிற கைகள்.

"பாருடா, தர்மபுரிக்கும் வந்துருச்சு" என்று சகலை சிரித்தார். "ரெண்டு பஸ் ஸ்டாண்டு, மூணு டீக்கடை, ஆட்டம் முடிஞ்சுது."

"ரூல்ஸ் அதேதான் பெரியப்பா. பேரு சொன்னாத்தான் சீட்டு" என்றாள் மகள்.

"அதுல என்ன சந்தேகம்? உங்கப்பாவுக்குத்தான் கஷ்டம்."

போன முறை அவர் எனக்கு அடுத்து உட்கார்ந்தார். இந்த முறை நான் போய் அவருக்கு அடுத்து உட்கார்ந்தேன். அவர் விடுவது எனக்கு வரும்.

ஆட்டம் நடந்தது. அவர் பஸ் ஸ்டாண்டை எடுத்தார், கோட்டைக் கோயிலை எடுத்தார். "இதெல்லாம் நான் பொறந்து வளந்த எடம்டா" என்று மகனிடம் பெருமையாகச் சொன்னார். பொங்கலுக்கு வேறு ஊர், ஆடிக்கு வேறு ஊர், அவருக்குச் சொந்த ஊருக்கா பஞ்சம்? என் மனைவியின் அக்கா உழவர் சந்தையை எடுத்தார். அவர் மகன் ஒரு சீட்டைத் திருப்பினான்.

"இதென்ன, பேய் பங்களாவா?"

பழைய டாக்கீஸ். சகலை அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவும் பார்த்தார். பையன் இரண்டாவதாகத் திருப்பியது கலெக்டர் ஆபீஸ், ஜோடி சேரவில்லை. இரண்டையும் கவிழ்த்து வைத்தான். ஒன்று வெளியே வந்துவிட்டது. இன்னொன்று எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அதைத் திருப்பியது சகலையே. முதல் சீட்டாகத் திருப்பினார். மறுபடியும் அந்தக் கட்டடம். கை அப்படியே நின்றது. வேறு எதையாவது திருப்பித் தப்பித்திருக்கலாம். அவர் மகன் விடவில்லை.

"அப்பா, அப்பா! அந்த ஓரத்துல, நான் வெச்சேன்ல, அதுதான்!" அவனே கை நீட்டித் திருப்பிவிட்டான். இரண்டும் ஒரே படம். "ஜோடி! பேரச் சொல்லுங்க!"

சகலை எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

"ஏதோ குடோனு" என்றார்.

"இல்லை பெரியப்பா. தப்பு. திருப்பி வைங்க" என்றாள் என் மகள். "நீங்க போட்ட ரூல்ஸ்தான்."

அவர் திருப்பி வைத்தார். அடுத்தது நான்.

இரண்டு சீட்டையும் திருப்பினேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பேச்சு வழக்கம்போலத் தொண்டைக்கு வந்து நின்றது. இறங்கிப் போகப் பார்த்தது. அப்போது சகலை என்னைப் பார்த்தார். வேண்டாம் தம்பி என்கிற பார்வை. அந்தப் பார்வைதான் என் தொண்டையைத் திறந்தது.

"பழைய டாக்கீஸு" என்றேன். சத்தம் அதிகமாகிவிட்டது. மரவள்ளிக் காட்டில் கத்துகிற மாதிரி வந்தது. சமையல் அறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"சித்தப்பா! பேசிட்டீங்க!" என்று பையன் கை தட்டினான். "அப்பாவுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அங்க என்ன ஃபேமஸ்?"

"உங்கப்பாவக் கேளு" என்றேன்.

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அவர், "பழைய தியேட்டர்டா, என்ன ஃபேமஸ்? ஆட்டத்தப் பாரு" என்றார். இவ்வளவுதான் நான் திட்டம் போட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன், போதும் என்று இருந்தது. ஆனால் அவருக்கு எதிரில் இன்னொருத்தர் உட்கார்ந்திருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"நான் சொல்றேன்டா கண்ணு" என்றார் அக்கா. "எனக்குப் பொண்ணு அழைப்பு அன்னைக்கு உங்கப்பா அங்கதான் படம் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"கல்யாணத்துக்கு மொத நாளா?"

"ஆமா. பந்தல்ல வாழைமரம் கட்டியாச்சு. மாப்பிள்ளையக் காணோம். மோட்டார் சைக்கிள் வந்தாத்தான் தாலி கட்டுவேன்னு சொல்லி அனுப்பிட்டு, போய் மேட்னி ஷோவுல ஒக்காந்துக்கிட்டாரு."

"ஏய், இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார் சகலை.

"பேரு சொன்னாத்தான சீட்டு? நான் சொல்றேன், நீங்க எடுத்துக்கங்க." அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்தே பேசினார். "எங்கப்பா கல்யாண வேட்டியோட டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ள போனாரு. இருட்டுல வரிசை வரிசையா, மாப்ள, மாப்ளன்னு கூப்புட்டுக்கிட்டே போயிருக்காரு. பின்னாடி இருந்தவனுங்க எல்லாம், ஒக்காருய்யா பெருசுன்னு கத்தியிருக்கானுங்க. கடைசில கண்டுபுடிச்சுப் பக்கத்துல ஒக்காந்தா, உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? இருங்க மாமா, சண்டை வருது, பாத்துட்டுப் பேசலாம்னாரு."

பையன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தான்.

"எங்கப்பா முழுப் படமும் பக்கத்துலயே ஒக்காந்து பாத்துட்டுத்தான் வந்தாரு. நான் வளத்த எருமை ரெண்டையும் அன்னைக்கே ஓட்டிக்கிட்டுப் போனாங்க. வண்டி வந்துச்சு. அதுக்கப்பறம் எங்கப்பா சாகற வரைக்கும் சினிமாக் கொட்டாய்ப் பக்கம் போனதில்லை."

மாமனார் என்னிடம் சொல்லாத பாதி இதுதான். புளி தட்டும்போது ஏன் அதோடு நிறுத்திக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் ஒரு பொங்கல் கோபத்தை வைத்திருந்தேன். இந்த அம்மாள் ஒரு கல்யாணக் கோபத்தை வைத்திருந்திருக்கிறார்.

"போதும்டி, நிறுத்து. சாப்புடற நேரத்துல" என்று மாமியார் வந்தார். அதட்டிவிட்டு, வாசலைப் பார்த்தபடி அவரே சொன்னார், "அந்த வேட்டிய அதுக்கப்பறம் அவரு கட்டவே இல்ல."

"நெஜமாப்பா?" என்றான் பையன்.

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்டா கேட்டாங்க."

"எல்லாரும் எங்க கேட்டாங்க?" என்றார் அக்கா. "சித்தப்பா ஏதாவது கேட்டாராம்மா?"

"அவரு எங்க கேட்டாரு?" என்றார் மாமியார். "வாயே தொறக்கலையே."

என் மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு என் மனைவி. பிறகு அந்தப் பையனும். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சகலை கார் கண்ணாடியை ஏற்றினேனா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. இலை போட்ட பிறகும் வரவில்லை. பையன் போய்க் கூப்பிட்டான். வந்து சாப்பிட்டார். தலையை நிமிர்த்தவில்லை. நான் அவருக்கு எதிர் இலையில் உட்கார்ந்து இரண்டு முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கேட்டு என்றால், வாயால் கேட்டு.

அவரைப் பார்க்கப் பாவமாக இல்லையா என்று என் மனைவி அன்றைக்குக் கேட்டாள். இல்லை. இன்றைக்கும் இல்லை. நானும் மோட்டார் சைக்கிளுக்கு ஆசைப்பட்டவன்தான். கேட்க வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. நான் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்திக் காட்டியவர் அவர்தான்.

வழக்கமாக இருட்டிய பிறகுதான் அவர்கள் கிளம்புவார்கள். அன்றைக்கு டீக்கு முன்னாலேயே கார் கிளம்பிவிட்டது. பொங்கலுக்குக் கொண்டுவந்த பெங்களூர் சீட்டுப் பெட்டி அலமாரி மேலேயே கிடந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை.

எங்கள் வண்டியில் மனைவிக்கு இடம் இல்லை. அவள் ஊர்க்காரர் டெம்போவில் வந்தாள். மகள் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இண்டூர் தாண்டினோம். பிறகு காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"வேணும்னுதான வெச்சீங்க அந்தப் படத்த?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பேசாமல் இருப்பது எனக்குத் தெரிந்த வேலை.

"பெரியப்பாவுக்குத் தெரியும்னு சொன்னீங்களே அன்னைக்கே!" என்று முதுகில் அடித்தாள். சிரித்தாள். எதிர்க்காற்றில் பாதி போய்விட்டாலும் பாதி எனக்குக் கேட்டது. அன்று வீட்டில் தன் அம்மாவிடம், "அப்பாகிட்டப் பாத்துத்தான் இருக்கணும்மா, சாமி!" என்று அவள் சொல்வதைக் கை கழுவிக்கொண்டே கேட்டேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

பொங்கலுக்கு அவர்கள் வருவார்கள். மாமியார் கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும். அந்த மோட்டார் சைக்கிளை மாமனார் வாங்கிய கடை டவுனில் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. போன வாரம் சந்தையில் தக்காளி போட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டியை நிறுத்தினேன். மகள் காலேஜில் இருந்தாள். என் ஃபோனில் நானே ஒரு படம் எடுத்தேன். கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்திருக்கிறது, ஆனால் எந்த இடம் என்று தெரிகிறது. ஸ்டுடியோவில் கொடுத்து இரண்டு சீட்டு போட்டு வைத்திருக்கிறேன். முதுகில் அதே கும்பிடுகிற கைதான்.